இடப்பக்கம் நான்காவது

இடப்பக்கம் நான்காவது கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்த பிறகு கோகிலவாணிக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. புதுப் பேருந்தின் நெற்றியில் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். சாமந்தி மாலை வைப்பர்களின் மேல் சரிந்து கிடந்தது. வண்டி வாங்குகிறவர் வீட்டு ஆட்கள் பட்டும் வேட்டியுமாகப் பட்டறை முற்றத்தை நிறைத்திருந்தார்கள், ஒருவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்க வாகான கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். இவ்வளவையும் தாண்டி அவள் கண் போய் நின்றது அங்கேதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மற்றக் கண்ணாடிகளைப் போல இன்னொன்று. வேறாகத் தெரியக் கூடாது என்றுதான் அவளே வரைந்தாள். பழைய பேருந்துகளில் ஜன்னல் என்றால் தகட்டில் ஓர் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிச் சட்டம், சட்டத்துக்குள் ரப்பர், ரப்பருக்குள் கண்ணாடி. கண்ணாடி ஒரு பள்ளத்துக்குள் கிடக்கும், அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீரும் புழுதியும் தங்கும். இதில் அந்தப் பள்ளமே கிடையாது. இரும்புச் சட்டத்தின் மேல் கறுப்புப் பசையை விரல் தடிமனுக்கு இழுத்து, அதன்மேல் வெளியிலிருந்து கண்ணாடியை வைத்து அழுத்திவிட்டால் தகடும் கண்ணாடியும் ஒரே மட்டம். முன் கதவிலிருந்து பின் விளக்குவரை கையைத் தடவிக்கொண்டே நடந்தால் எந்த இடத்திலும் விரல் தடுக்காது. கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் எத்தனையோ பட்டறைகளில் இந்தப் பட்டறையில் மட்டும் அந்த வேலை இப்படி வரும் என்று முதலாளி சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி வரைந்த பெண் தன் பட்டறையில் இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாராவது வந்து அவளிடம் பேச்சுக் கொடுத்திருப்பார்கள், அதை நினைத்தால் சொல்லாமல் இருந்ததே நல்லது.

மற்றக் கண்ணாடிகளெல்லாம் ஒட்டி வாரமாகிறது, அவை கல் மாதிரி நிற்கின்றன. இது நேற்று மாலை உடைந்தது. அலங்கார விளக்கு மாட்ட வந்தவரின் ஏணிக் கால் ஓரத்தில் லேசாக இடித்தது, அவ்வளவுதான், முழுக் கண்ணாடியும் கல்கண்டாகக் கொட்டிவிட்டது. அதற்கு மாற்று இன்று விடிந்த பிறகுதான் வந்தது, வந்ததும் ஒட்டினார்கள். குறுக்கே நான்கு இடத்தில் டேப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிறகு முதலாளி வந்து பார்த்தார். "என்ன அம்மிணி இது, மூஞ்சியில பிளாஸ்திரி போட்டாப்பல? போட்டோ எடுப்பாங்கல்ல, எடுத்துடச் சொல்லு" என்றார். அவள் "சார், அது இன்னும்..." என்றாள். "இன்னும்?" என்றார் அவர். "செட் ஆகலைங்க சார்." அவர் வானத்தைக் காட்டினார். "இந்த வெயிலுக்கு வடாமே ஒரு வேளையில காயுது. பசை காயாதா?" அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள்? அவளுக்கே தெரியாது. யாராவது கேள்வி கேட்டு முடிக்கும்போது அவள் தலை தானாக ஆடிவிடுகிறது, கேள்விக்குப் பதில் எதுவாக இருந்தாலும். டேப்பை உரித்தார்கள். நான்கு முறை சர்ர் என்று கேட்டது, நான்கு முறையும் அவளுக்குக் கையில் தோலை உரிப்பது போல இருந்தது. இந்தப் பசை வெயிலில் காயாது. வடாம் தண்ணீரை விட்டுக் காய்கிறது, இது தண்ணீரைக் குடித்துத்தான் இறுகும். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்து எடுத்து, மேலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாக. மழைக் காலத்தில் ஒரு நாளில் இறுகிவிடும். கரூர்ச் சித்திரையில் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது, காலையில் துவைத்துப் போட்ட சுடிதார் திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடுகிறதே. மேல்தோல் மட்டும் கட்டியிருக்கும். தொட்டுப் பார்க்கிறவர்கள் காய்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதற்காகத்தான் அவள் யாரும் பார்க்காத நேரம் நனைத்த சாக்கு ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டாள். ஃபோர்மேன் செல்லாண்டி பார்த்துவிட்டார். "ஏம்மா, கண்ணாடிக்குக் காய்ச்சலா? ஈரத்துணி போட்டு வெச்சிருக்கே" என்று சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். காயவைக்க ஈரத்துணி போடுவதை எப்படி விளக்குவது. ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம்தான் வரவில்லை.

ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும் என்றார்கள். நகர்ந்து, அப்படியே வந்திருக்கும் முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டு தாராபுரம் ரோட்டில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துத் திரும்ப வேண்டும். இப்போது சொன்னால் என்ன? கற்பூரம் ஏற்றப் போகிறார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடலாம். யாரிடம்? முதலாளியிடம் சொன்னால் மறுபடியும் வடாம். வண்டி வாங்குகிறவரிடம் நேராகச் சொல்லலாம், அதோ வெள்ளைச் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு நிற்கிறாரே ராக்கியப்பன், அவரிடம். என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஐயா என்றா? ஐயா என்றால் மனு கொடுக்க வந்தவள் மாதிரி இருக்கும். அண்ணா என்றால் அவருக்கு அப்பா வயது. சார் என்றால் முதலாளியும் சார், இரண்டு சாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாமா என்று அந்த வீட்டு ஆட்கள் கூப்பிடுகிறார்கள், அவள் கூப்பிட்டால் சிரிப்பார்கள். 'ஏனுங்க' என்று மட்டும் ஆரம்பிக்கலாம். ஏனுங்க, ஒரு நிமிஷங்க, அந்தக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு என்னம்மா? அங்கேதான் வாக்கியம் நின்றுவிடுகிறது. கல்லூரியில் மூன்றாம் வருடம், வெப்பத்தில் இரும்பு நீளும் கண்ணாடி அவ்வளவு நீளாது, நடுவில் என்ன வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அவளுக்குத் தெரியும். இழுத்தால் இழுபட்டுத் திரும்பி வரும் ஏதோ ஒன்று வேண்டும். நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த வரிசைவரை கேட்டுவிட்டு அவர் தானே பதிலைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இல்லை, நிம்மதியாக இருந்தது. யாராவது தானாகவே சொல்லிவிட மாட்டார்களா? செல்லாண்டி சொல்லலாமே. அவருக்கும் தெரியும்தானே. தெரியாதோ? கற்பூரம் எரிந்தது. "பேருல மட்டும் குயிலு, வாயத் தொறந்து பாட்டு ஒண்ணு பாடறது, பூசைக்கு" என்று செல்லாண்டி அவள் பக்கம் குனிந்து சொல்லிவிட்டு மணியை ஆட்டினார். அவள் சிரித்தாள். அதற்கும் தலை ஆடியது.

விழும் என்று நிச்சயமா? நிச்சயமில்லை. அதுதான் கஷ்டம். நிச்சயம் என்றால் கத்தியிருப்பாள், கத்தியிருப்பாளா, கத்தியிருப்பாள். கண்ணாடியின் கனத்தைக் கீழே இரண்டு சிறு கட்டைகள் தாங்குகின்றன, அதனால் நிற்கும்போது ஒன்றும் ஆகாது. ஓடும்போதுதான். ஓடும்போது வேகத்தில் காற்று கண்ணாடியை வெளியே உறிஞ்சும், வண்டி உடம்பு முறுகும். நேர்ரோட்டில் கொஞ்சம்தான் முறுகும். பட்டறை வாசலில் சாக்கடையின் மேல் போட்ட பலகைக்கல் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, அங்கே இடது முன் சக்கரம் இறங்கி வலது சக்கரம் ஏறும்போது முழுச் சட்டமும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுகும். இறுகிய பசை அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். இறுகாதது இழுபட்டு இழுபட்டபடியே நின்றுவிடும். பிறகு தாராபுரம் ரோட்டில், எங்கேயோ ஒரு வளைவில், பின்னால் ஒரு மொபெட் வந்துகொண்டிருக்கும்போது, அல்லது ஒன்றும் ஆகாமலே போய்விட்டுத் திரும்பி வந்துவிடும், நாளைக்கு இறுகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, அவள் ஒருத்திதான் இந்தப் பகல் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்திருப்பாள். அப்படித்தான் ஆகும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். பெரும்பாலும் என்ற சொல்லில் எத்தனை பேர் உட்காரலாம்? "நீயும் ஏறிக்கோ அம்மிணி, ஏசி கீசி ஏதாச்சும்னா பாத்துக்க" என்றார் முதலாளி. அவள் ஏறினாள்.

உள்ளே புதுப் பிளாஸ்டிக் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து நெஞ்சை அடைத்தது. குழந்தைகள் சீட்டுகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஜன்னலுக்கு உள்பக்கம் ஓரத்தை மூடும் பட்டையை இன்னும் மாட்டவில்லை என்பதால் திரைச்சீலையை இழுத்துவிட்டு மறைத்திருந்தார்கள், குஞ்சம் வைத்த ஊதாத் திரை. அந்த சீட்டில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டால்? அவளே உட்கார்ந்துவிட்டால்? நல்ல யோசனை, இரண்டே எட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அவர்கள் வண்டி, அவர்கள் விசேஷம், வேலைக்கு வந்தவள் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் ராக்கியப்பனின் மனைவி சரோஜினி, "தாரணி, நீ இங்க உக்காரு கண்ணு, ஜன்னலோரம்" என்று மருமகளைக் கைபிடித்து அங்கேயே உட்கார வைத்துவிட்டாள். தாரணிக்கு வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும். கோகிலவாணியின் வயதுதான். புடவைக்கு மேலே வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்து, திரையை விலக்கி, கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். கோகிலவாணி ஓர் எட்டு முன்னால் வந்தாள். "இது தொறக்காதுங்களா?" என்று தாரணி கேட்டாள். "இல்லைங்க, ஏசி." "வாந்தி வந்தா?" பின் சீட்டிலிருந்து கொழுந்தனார் ஒருவர், "அதுக்குத்தான் அண்ணி உங்க பக்கத்துல அண்ணனை உக்கார வெச்சிருக்கு" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், தாரணியும் சிரித்தாள். நல்ல சிரிப்பு. வெளியே எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டுச் செல்லாண்டி கையை உயர்த்தினார். எஞ்சின் உறுமியது. வண்டி நகர்ந்தது, ஒரு குலுக்கல்கூட இல்லை, பழங்கள் நசுங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. யாரோ கை தட்டினார்கள்.

முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். பின்பக்கம் கொட்டகை, பிறகு வேப்பமரம், பிறகு வாசல். முதலாளி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ராக்கியப்பனிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். செல்லாண்டி இடப்பக்கமாக வண்டியோடு நடந்து, வா வா என்று கையை ஆட்டினார். கொட்டகை போயிற்று. இப்போது சொல். சொல்ல வேண்டாம், நடந்து போய் முதலாளியின் தோளைத் தொட்டால் போதும். அவள் கம்பியை விடவில்லை. தாரணி கொட்டாவி விட்டாள். விடியலில் எழுந்து தலைக்குக் குளித்திருப்பாள், கூந்தல் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள், கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கண்ணாடியில் சாய்த்தாள். அதைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு எல்லா ஓட்டமும் நின்று ஒன்றே ஒன்று தெரிந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில் அவள் பேருந்து நிலையத்துக்குப் போய், இரவெல்லாம் ஓடிவிட்டு வந்து நிற்கும் வண்டிகளில் ஏறி, ஒவ்வொரு ஜன்னலிலும் தலை எண்ணெய்த் தடத்தைப் பார்த்தாள். வட்டமாக, மங்கலாக, ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு தூக்கம் ஒட்டியிருந்தது. கண்டக்டர் ஒருவர், "எதைத் தொலைச்சேம்மா?" என்று கேட்டார். அவள் அளவு டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். உயரமானவர்கள், குட்டையானவர்கள், குழந்தைகள், எல்லாத் தடங்களும் விழும் இடத்தில் சட்டமோ குறுக்குக் கம்பியோ வரக் கூடாது, தூங்குகிற தலை எதிலும் இடிபடக் கூடாது என்றுதான் ஜன்னலின் கீழ்க்கோட்டை அத்தனை இறக்கி வைத்தாள். முதலாளி அழகுக்கு என்று நினைத்தார். அழகுக்கு இல்லை. சாய்வதற்கு. சாயுங்கள் என்று கூப்பிட்டு வைத்தவள் அவள்தான். வேப்பமரம் போயிற்று.

"சாயாதீங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சாயாதீங்க." தாரணி கண்ணைத் திறந்தாள். "எந்திரிங்க, அதுல சாயாதீங்க, எந்திரிங்க!" மூன்றாவது முறை வந்தது அவள் குரலே இல்லை, ஏதோ தகடு கிழிகிற மாதிரி இருந்தது. சீட்டைச் சாய்த்துக்கொண்டிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. "என்னாச்சு? என்னாச்சு கண்ணு?" என்று சரோஜினி மருமகளின் வயிற்றைப் பிடித்தாள். "நிறுத்துங்க, வண்டியை நிறுத்துங்க" என்று கோகிலவாணி சொல்லிக்கொண்டே இருந்தாள், நிறுத்திய பிறகும் சொன்னாள். முன்சக்கரம் பலகைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றது. முதலாளி ஆடி அசைந்து வந்தார், முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு. "என்ன அம்மிணி?" "கண்ணாடிங்க. ஒட்டினது இறுகலைங்க. வெயில்ல அது காயாதுங்க, அதுக்கு ஈரம் வேணும், ஈரமே இல்லைங்க, நாளைக்குத்தான்..." எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளியே வந்தது. "காயறதுக்கு ஈரமா?" என்று கொழுந்தனார் கேட்டார். முதலாளி பின்னாலேயே வந்த ராக்கியப்பனிடம் திரும்பினார். "பயந்த புள்ளைங்கண்ணா. ராத்திரியெல்லாம் வேலை பாத்தது, தூக்கமில்லை. அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு." ராக்கியப்பன் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று நல்ல சத்தம் வந்தது. "நல்லாத்தானே இருக்கு?" சரோஜினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரம் போகுதுங்க. ராகு காலத்துல வாசப்படியில நிக்கறதா?" அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் தலை ஆடுவதற்குத் தயாரானது, கழுத்தில் அது ஏறி வருவது அவளுக்குத் தெரிந்தது. ஆமாங்க, போலாங்க. அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் தாரணியின் கணவனைத் தாண்டி, தாரணிக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் நுழைந்து, ஊதாத் திரையைக் கொக்கியோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டுவிட்டு, கண்ணாடியின் மேல் மூலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. இறுகிவிட்டதா, தான்தான் தப்பா, இத்தனை பேர் முன்னால். இன்னும் அழுத்தினாள். கண்ணாடி நகர்ந்தது. சத்தமே இல்லாமல், தூக்கத்தில் புரளுகிறவர் மாதிரி, மூலை சட்டத்தை விட்டு விலகியது. நடுவில் பசை கறுப்பு நூல்களாக இழுபட்டுப் பளபளவென்று நின்றது, வெயில் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்து தாரணியின் மடியில் ஒரு கோடு போட்டது. ராக்கியப்பன் குனிந்து அந்த நூல் ஒன்றைத் தொட்டார், அது விரலோடு வந்தது. அவர் விரலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்க்கவில்லை. "எல்லாரும் இறங்குங்க" என்றார். "பைய. குழந்தைங்களைப் பிடிச்சுக்கங்க." சரோஜினி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தாரணி எழுந்திருக்க முடியாமல் கோகிலவாணியின் முழங்கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள், போகிறபோதும் அந்தக் கையைச் சட்டென்று விடவில்லை. எல்லாரும் முன்கதவுப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் இடிக்க ஒருவர் இடிக்க வண்டி லேசாக ஆடியது, ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ணாடி இன்னும் ஒரு மயிரிழை வெளியே போனது. நூல்கள் மெலிந்தன. எல்லாம் அவள் தள்ளியதால். இப்போது உள்ளேயிருந்து பிடிக்க முடியாது, உள்ளேயிருந்து தொட்டால் இன்னும் வெளியேதான் போகும், நகத்தால் ஓரத்தைக் கவ்விப் பார்த்தாள், வழுக்கியது. வெளியேயிருந்து யாராவது கையை வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்லாண்டி அண்ணாந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொன்னார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாரோ, வேறென்னவோ, அவள் திரும்பவில்லை. "அண்ணா, கையை வைங்க! கண்ணாடியை அழுத்துங்க!" என்று கத்தினாள். செல்லாண்டி காதில் கையை வைத்துக் காட்டினார். அவ்வளவு நன்றாக அடைத்து வரைந்திருந்தாள், சின்ன இடுக்கைத் தவிர அந்தப் பக்கம் சத்தம் போக வழியில்லை. அவள் சீட்டின் மேல் ஏறி நின்று, அந்த இடுக்கில் வாயை வைத்து, வாசலில் இறங்கிக்கொண்டிருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னும் சத்தமாகக் கத்தினாள்.